புகாரின் பாக்கங்களும் புதிது புகுவோரும்

ஒருவர் தாம் பிறந்த ஊரை விட்டு வேற்றூர்க்குக் குடிபெயரும்பொழுது, அவ்வூரின் எப்பகுதியில் வாழ்வது என்னும் வினா எழுதல் இயல்பு. நீர், காற்று, வாடகை, தொழிலிடத்தின் அணிமை ஆகியவற்றை எண்ணி இவ்வினாவிற்கு உலகியலில் விடை காண்பர். குடிபுகும் இடம் கடற்கரை நகராயின் வெயிலின் வெம்மையும் நிலத்தடி நீரின் உவர்ப்பும் கடல்கோள் அச்சமும் உடன் வைத்து எண்ணப்படும். பழந்தமிழ் இலக்கியம் இவ்வினாவை எழுப்பியுள்ளதா, எழுப்பியதாயின் எவ்வாறு விடை கண்டது என்பதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்நோக்கம் எமக்கு வகுப்பறையில் தோன்றியது. சவ்வாது மலையினின்று இறங்கி வந்து பயிலும் மாணாக்கர் சிலர் அமர்ந்திருந்த வகுப்பில் சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதையைப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தோம். மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என்னும் இரு பகுதிகளின் வளத்தையும் உரையாசிரியர் வழிநின்று விளக்கி முடித்த அளவில், படிப்பு முடிந்ததும் சென்னைக்கு வேலை தேடிச் செல்லவிருந்த மாணவர் ஒருவர், “ஐயா, எங்களைப் போன்றவர்கள் அந்த நகரத்திற்குப் போயிருந்தால் எந்தப் பாக்கத்தில் இடம் கொடுத்திருப்பார்கள்?” என்று வினவினார். அன்று யாம் கூறிய விடை எமக்கே நிறைவளிக்கவில்லை. புகாரின் வருணனையை நகரின் பெருமைக்குச் சான்றாகக் கொள்வதே அறிஞர் வழக்கு. யாமும் அவ்வழக்கிலேயே நின்றோம். வந்து சேரும் ஒருவன் நிற்கும் இடத்தில் நின்று அப்பகுதிகளைப் படித்தோமல்லோம். அவ்வாறு படிப்பின் அவை வேறு பொருள் தருகின்றன என்பதனை இனிக் காட்டுவோம்.

1. ஆற்றுப்படை கூறும் விடை

அம்மாணவரின் மலைநாடே பத்துப்பாட்டுள் ஒன்றன் களமாக அமைந்துள்ளது. பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம், செங்கண்மாவில் ஆண்ட நன்னன் சேய் நன்னனைப் பாட்டுடைத் தலைவனாக உடையது. செங்கண்மா இன்றைய செங்கம் என்பது அறிஞர் துணிபு. பாட்டில் சிறப்பிக்கப்பெறும் சேயாறு சவ்வாது மலையில் தோன்றிச் செங்கத்தின் வழியே பாய்கின்றது. 583 அடிகளால் ஆகிய இப்பாட்டு, பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன் எதிர்ப்படும் கூத்தர் குழுவிற்கு வழிகூறும் முறையில் அமைந்தது.

ஆற்றுப்படை நூல்களை வள்ளலின் கொடைச் சிறப்புக் கூறுவனவாகவே பெரும்பாலும் மதிப்பிடுகின்றோம். ஆயினும் அவற்றின் பெரும்பகுதி, அறியாத நிலத்தில் எங்குத் தங்கலாம் என்னும் வழிகாட்டலே ஆகும். மலைபடுகடாத்துக் கூத்தன் இடையூறுகளை மறைக்காமல் சொல்கின்றான். பன்றிக்கு வைத்த பொறியும், தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல்லும், வழுக்கும் பாறையும், பாம்பும் அவன் உரையில் இடம்பெறுகின்றன. தங்கும் இடத்தைச் சொல்லும்பொழுது அவன் நிலத்தின் நலத்தைப் பேசுதலினும் ஏற்பவரைப் பற்றியே மிகுதியாகப் பேசுகின்றான். நன்னனுடைய கூத்தர் யாம் என்று கூறிய அளவிலேயே மலைவாணர் சிற்றூரில் உம் சொந்த வீட்டிற்குள் நுழைவது போல நுழையலாம். உரிமையாளர் போலக் கேளாமலே கலந்து பழகலாம் என்பது அவன் கூற்றின் கருத்து. வழி தவறுவீராயின் இசைக்கருவியை இயக்குக. கேட்ட கானவர் வந்து துணையாவர் என்றும் கூறுகின்றான்.

ஈண்டுப் புதியவர்க்கு இடம் கிடைத்தல் இரண்டு சான்றுகளால் நிகழ்கின்றது. தலைவனுடைய பெயர் ஒன்று. முன்பு சென்று வந்தவனுடைய சொல் மற்றொன்று. கூத்தர் தம்மை யார் என்று நிறுவ வேண்டிய துன்பம் இல்லை. அவர்க்காகச் சொல்ல வேண்டியதனைப் பெயர் சொல்லிவிடுகின்றது. நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்து நுளையர் மனையில் பாணர்க்குத் தேறலும் சுட்ட மீனும் கிடைப்பதும் இம்முறையினதே. நெய்தல் நிலத்துப் பட்டினமாயினும் குறிஞ்சி நிலத்துச் சிற்றூராயினும் ஆற்றுப்படைப் புலவர்க்கு வாழிடம் என்பது ஏற்பவர் உள்ள இடம்.

2. மலையாளிகளின் மரபுக்கதை

இவ்விடத்து அதே மலையில் வழங்கும் மற்றொரு கதையையும் ஒப்பிட்டுக் காணுதல் பொருந்தும். சவ்வாது மலையில் வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். இவர்கள் தமிழ் பேசும் மலைவாணர். கேரள நாட்டு மலையாளிகளின் வேறாவர். இவர்தம் தோற்றக் கதையைத் தர்ஸ்டன் 1909-ஆம் ஆண்டு வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதியில் காணலாம். அது வருமாறு:

கங்குந்தி வேடர் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டனர். வேளாளர் இகழ்ந்து மறுத்தனர். வெகுண்ட வேடர் ஏழு கன்னியரைக் கவர்ந்து சென்றனர். அவரை மீட்க ஏழு வேளாளர் ஏழு நாய்களுடன் புறப்பட்டனர். நாய்கள் மட்டும் திரும்பி வரின் எம்மை இறந்தவராகக் கொண்டு இறுதிக்கடன் செய்க என்று மனைவியரிடம் சொல்லிச் சென்றனர். பாலாற்றில் வெள்ளம் பெருகியிருந்தது. ஆடவர் அரிதின் முயன்று கடந்தனர். நாய்கள் பாதி நீந்தித் திரும்பிக் காஞ்சியை அடைந்தன. ஆடவர் வேடரை வென்று மீண்டபொழுது இறுதிக்கடன் முடிந்திருந்தது. மனைவியர் கைம்மைக்கோலம் பூண்டிருந்தனர். ஊரில் இடமிழந்த அவர்கள் வேடர் மகளிரை மணந்து சவ்வாது மலையேறி உழவராயினர்.

இக்கதையை வரலாறாகக் கொள்ளுதல் எம் கருத்தன்று. கதை எதனை நினைவிற் போற்றி வருகின்றது என்பதே ஈண்டு வேண்டப்படுவது. உயிரோடு வந்து வாயிலில் நிற்கும் மனிதரின் சொல் செல்லவில்லை. முன்னே வந்த நாய்களின் வரவு சான்றாக ஏற்கப்பட்டது. சடங்கு முடிந்த பின்னர்த் தாம் இறந்தவரல்லர் என்பதற்குச் சான்று பகர்வார் ஒருவரும் அவர்க்கு இல்லை. மலைபடுகடாத்தில் ஒரு பெயரைச் சொன்ன அளவில் வாயில் திறக்கின்றது. மலையாளிகள் கதையில் தம் பெயரையும் தம் முகத்தையும் காட்டியும் வாயில் திறக்கவில்லை. ஒரே மலையைச் சார்ந்த இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்குங்கால், ஓரிடத்தில் வாழ்வதற்கு உரிமை தருவது ஒருவனுக்காகச் சான்று நிற்பாருடைய இருப்பே என்பது புலனாகின்றது. இவ்வளவுகோலைக் கையிற்கொண்டு கடற்கரை நகருக்குச் செல்வோம்.

3. பட்டினப்பாலையின் உவமை

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை 301 அடிகளை உடையது. காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தை இத்துணை விரிவாகப் பாடிய பழம்பாட்டு வேறில்லை. கப்பலில் வந்திறங்கும் குதிரையும், வண்டியில் வரும் மிளகும், வடமலையின் மணியும் பொன்னும், ஈழத்து உணவும், காழகத்து ஆக்கமும் அதன்கண் குவிகின்றன. சுங்கங் கொள்வோர் பண்டங்களின் மீது சோழரின் புலிப்பொறியை இடுகின்றனர். பரதவரின் தாழ்ந்த கூரைக் குடியிருப்பும், அதன் மணல்முற்றத்தில் நிலவொளியிடையே இருள் கிடந்தாற்போல உலரும் வலைகளும் காட்டப்பெறுகின்றன. உயர்ந்த மாடங்களின் விளக்கொளியைப் பரதவர் எண்ணி நிற்பதும் கூறப்பெறுகின்றது. ஒரே நகரில் மாடத்தில் வாழ்வாரும் அம்மாடத்தைத் தொலைவில் நின்று காண்பாரும் உளர் என்பதனைப் புலவர் அறிந்தே பாடியுள்ளார்.

இவ்வருணனையின் இறுதிப் பகுதி நம் ஆராய்ச்சிக்குச் சிறப்பாக உரியது. பழியற்ற பல நாடுகளினின்று பெயர்ந்து வந்த பல மொழியினர் கலந்து இனிது வாழும் நகரம் என்று புகாரைக் கூறும் புலவர், அதற்கு ஓர் உவமையும் தருகின்றார். திருவிழா நடைபெறும் பழைய ஊருக்குப் பலவிடத்துச் சுற்றத்தாரும் சென்று கூடினாற்போல என்பது அவ்வுவமை. இவ்வுவமையைப் பண்டைத் தமிழரின் பரந்த மனப்பான்மைக்குச் சான்றாகக் காட்டுவர். அது தக்கதே. புலம்பெயர்ந்தோரைச் சுற்றத்தாரோடு ஒப்பிடுதலும், அவர்தம் நாட்டைப் பழியற்றது எனப் போற்றுதலும், அவர் வாழ்க்கையை இனிது என்றலும் புலவர் அவர்க்காக நிற்கும் சான்று என்றே கொள்ளலாம்.

எனினும் இவ்வுவமைக்கு மற்றொரு பக்கமும் உண்டு. திருவிழாவிற்கு வந்த சுற்றத்தார் விழா முடிந்ததும் தத்தம் ஊர்க்கு மீள்வர். அவர்க்கு அம்மூதூரில் உறவு உண்டு, மனை இல்லை. இவ்வுவமை முடிந்தவுடன் வருவது யாது என்று காண்க. இத்தகைய பட்டினத்தையே பெறுவதாயினும் காதலியை நீங்கி வாரேன் என்று தலைவன் தன் நெஞ்சிடம் உரைக்கின்றான். பாட்டின் துறை செலவழுங்குதல் ஆகும். நகரத்தைப் பற்றிய சொற்களுள் கடைசியாக நிற்பது புலம்பெயர்ந்தோரின் வாழ்வு. அதனை அடுத்து நிற்பது புறப்பட மறுக்கும் தலைவனின் சொல். நகரவளம் முழுதும் அம்மறுப்பின் எடையை உயர்த்துதற்கே அடுக்கப்பட்டது என்பதனை முன்னையோரும் கூறியுள்ளனர். யாம் சேர்த்துரைப்பது இதுவே: தலைவன் மறுப்பது ஒரு நகரத்தின் செல்வத்தை மட்டுமன்று, தான் புலம்பெயர்ந்தோருள் ஒருவனாகும் நிலையையும் அவன் மறுக்கின்றான்.

4. சிலப்பதிகாரம் செய்த மாற்றம்

பட்டினப்பாலையில் நகரம் முழுமைக்கும் உரியதாகக் கூறப்பெற்ற இச்செய்தி, சிலப்பதிகாரத்தில் ஏறத்தாழ அதே சொற்களால் மீண்டும் வருகின்றது. புலம்பெயர் மாக்கள் என்னும் தொடரும், கலந்து உறைதல் என்னும் கருத்தும் இரண்டிடத்தும் உள்ளன. சொல் ஒற்றுமையை உரையாளர் காட்டியுள்ளனர். வேற்றுமையை எண்ணியவர் சிலரே. எமக்குத் தோன்றும் வேற்றுமைகள் மூன்று.

முதலாவது, இடம். பட்டினப்பாலையில் அவர்கள் பட்டினத்தில் வாழ்கின்றனர். சிலப்பதிகாரத்தில் மருவூர்ப்பாக்கத்து நீர்க்கரை எல்லையில் வாழ்கின்றனர். இரண்டாவது, அவரை அறிமுகப்படுத்தும் அடைமொழி. பட்டினப்பாலை அவர்தம் நாட்டையும் மொழியையும் கூறிற்று. சிலப்பதிகாரம் மரக்கலம் தந்த செல்வத்தைக் கூறுகின்றது. மூன்றாவது, இனிது என்னும் சொல். பட்டினப்பாலையில் உள்ள அச்சொல் சிலப்பதிகாரத்தில் இல்லை. இருந்து என்னும் சொல்லே அவ்விடத்தில் நிற்கின்றது. சுற்றத்தார் உவமையும் இல்லை. இனிமையும் உறவும் நீங்க, செல்வமும் இருப்பும் எஞ்சின.

மருவூர்ப்பாக்கத்தில் பண்டசாலைகளும், மான்கண் போன்ற சாளரங்களையுடைய மாளிகைகளும், யவனர் இருக்கைகளும் உள்ளன. வண்ணமும் சுண்ணமும் விற்போர், நெய்வோர், கூலம் விற்போர், மீனும் உப்பும் விற்போர், கொல்லர், தச்சர், தையற்காரர் முதலியோர் அங்கு வாழ்கின்றனர். பட்டினப்பாக்கத்தில் அரசவீதியும், கொடித்தேர் வீதியும், பெருங்குடி வாணிகரின் மாடமறுகும், மறையோர் இருக்கையும், உழவர், மருத்துவர், கணியர் வாழும் தெருக்களும் உள்ளன. அரசனைச் சார்ந்து பணிபுரிவோரும் அங்கேயே உள்ளனர். இரண்டற்கும் இடையே நாளங்காடி நிற்கின்றது. பொருள் கொள்வதற்கும் கொடுப்பதற்கும் இருபாலாரும் அங்குக் கூடுவர்.

இப்பகுப்பைச் செல்வர் பகுதி, வறியோர் பகுதி எனக் கொள்ளுதல் பொருந்தாது. மருவூர்ப்பாக்கத்திலும் மாளிகை உண்டு. தொழில் பற்றிய பகுப்பு எனினும் முற்றும் பொருந்தாது. மணி துளைப்போரும் வளை அறுப்போரும் கைவினைஞராயினும் பட்டினப்பாக்கத்தில் உள்ளனர். எமக்குப் பொருந்தத் தோன்றுவது, அரசனோடும் ஊரின் முதுகுடியோடும் ஒருவனுக்குள்ள தொடர்பு பற்றிய பகுப்பு என்பதே. தொடர்புடையோர் உள்நகரில் வாழ்ந்தனர். தம் கைத்தொழிலும் தம் கலத்துச் சரக்குமே தமக்குச் சான்றாக உடையோர் கரையில் வாழ்ந்தனர். சரக்கிற்குப் புலிப்பொறி கிடைத்தது. சரக்கைக் கொண்டுவந்த மனிதனுக்கு அத்தகைய பொறி எதுவும் கிடைத்ததாக இரு நூல்களும் கூறவில்லை.

இவை விழாக்கால வருணனையாதலின் நகர அமைப்பிற்குச் சான்றாகா என்று தடை எழுப்புவாரும் உளர். கீழையூரில் 1960-களில் அகழ்ந்து கண்ட செங்கற் படகுத்துறை, இந்நூல்கள் கூறும் கரைவாணிகம் வெறுங்கற்பனை அன்று எனக் காட்டுகின்றது. எனினும் யாம் நகரத்தின் நிலப்படத்தை வரைய முயலவில்லை. இலக்கியம் புதியவரை எங்கே நிறுத்திக் காண்கின்றது என்பதனையே ஆராய்கின்றோம். அதற்கு வருணனையே தலைமைச் சான்று.

புகார் கடல்கோளுக்கு இரையானதாக மணிமேகலை கூறுவதையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். கடல் பெருகுமாயின் நீர்க்கரை எல்லையே முதலில் அழியும். அவ்வெல்லையில் வாழ்ந்தவர் எங்குச் சென்றனர் என்பது பற்றிக் காப்பியம் பேசவில்லை. அறவணவடிகளும் மாதவியும் சுதமதியும் வேற்றூர் புகுந்ததனையே அது கூறுகின்றது.

5. வெம்மையும் தண்மையும்

வெப்பமான கடற்கரை நகரில் குடியேறுவோர் முதலிற் கேட்பது காற்றைப் பற்றியே ஆகும். மலையின் குளிர்ச்சியிற் பழகியவர்க்கு இது சிறு செய்தியன்று. புகாரின் வீடுகள் வெம்மையை எண்ணியே அமைக்கப்பட்டன. எழுநிலை மாடத்தின் இடைநிலத்தில் இருந்த கோவலனும் கண்ணகியும் தென்றல் வரவே நிலாமுற்றத்திற்கு ஏறுகின்றனர். வேனிற்காலத்திற்கு ஒரு பள்ளியும் கூதிர்க்காலத்திற்கு ஒரு பள்ளியும் இருந்தன. மருவூர்ப்பாக்கத்தில் கூரை வேயாத மாடம் கூறப்பெறுவதும் இதுபற்றியே.

ஆயினும் அந்திமாலைச் சிறப்புச்செய் காதை இவ்வமைப்பை எவ்வாறு பயன்கொள்கின்றது என்று நோக்குவோம். கோவலனைப் பெற்ற மாதவிக்கு நிலாமுற்றம் இன்பந் தருகின்றது. அதே நகரில், அதே இரவில், கணவரைப் பிரிந்த மகளிர் வேனிற்பள்ளியை நாடாமல், கூதிர்ப்பள்ளியின் சிறிய சாளரத்தையும் அடைத்துக்கொள்கின்றனர். தென்றலும் நிலவும் இருசாரார்க்கும் பொதுவாகவே உள்ளன. அவற்றைத் துய்க்கச் செய்வது உறவு. பட்டினப்பாலையும் இவ்வாறே முடிகின்றது: கடந்து செல்ல வேண்டிய காடு திருமாவளவனின் வேலினும் வெம்மையுடையது என்றும், தலைவியின் தோள் அவன் செங்கோலினும் தண்மையுடையது என்றும் தலைவன் கூறுகின்றான். தமிழ்ப் புலவர் தட்பவெப்பத்தை அறியாதவரல்லர். அதனை வாழிடத்தின் இறுதி அளவுகோலாகக் கொள்ளவில்லை.

6. அடைக்கலக் காதையில் இடத்தேர்வு

புதிதாக வந்தவர் எங்கே தங்குவது என்பதனைக் காரணங்காட்டி ஆராயும் ஒரு காட்சி சிலப்பதிகாரத்தில் உண்டு. அது புகாரில் நிகழவில்லை. புகாரினின்று புறப்பட்டவர்க்கு மதுரையின் மதிற்புறத்தில் நிகழ்கின்றது. அக்காட்சி தரும் அளவுகோல் கடற்கரை நகருக்கும் ஒக்கும்.

புறஞ்சேரி துறவோர்க்கு உரியது. இல்வாழ்வார் தங்குவதற்கு ஏற்றதன்று. கதிரவன் மறையுமுன் நகரினுட் புகுக, நின் குலத்து வாணிகர் நின்னை ஏற்பர் என்று கோவலனுக்குக் கூறப்படுகின்றது. அவ்வளவில் இயக்கிக்குப் பால்மடை கொடுத்து மீளும் மாதரி வருகின்றாள். கவுந்தியடிகள் அவளுடைய இயல்பையும் ஆயர் வாழ்க்கையின் கொடுமையின்மையையும் எண்ணிக் கண்ணகியை அவளிடம் ஒப்படைக்கின்றார். இவள் கணவனுடைய தந்தையின் பெயரைக் கேட்டால் மதுரை வாணிகர் பெறற்கரும் பொருளைப் பெற்றாற்போல எதிர்கொள்வர். அச்செல்வர் மனை புகும் வரையில் நின்னிடம் அடைக்கலம் என்பது அவர் சொல்லின் கருத்து. இடைக்காலத்து இருப்பிடம், நிலையான இருப்பிடம் என்னும் வேறுபாட்டை இதனினும் தெளிவாகக் கூறுதல் அரிது.

மாதரியும் அடைக்கலத்தைச் செவ்வனே காக்கின்றாள். ஆயர் குடியிருப்போடு ஒன்றாக வைக்காமல், செம்மண் பூசிய பந்தரோடு கூடிய காவலுடைய தனிச் சிறுமனையை அளிக்கின்றாள். சாவக நோன்பிகளின் உணவுமுறை அறிந்து அதற்கேற்ற அரிசியும் காய்கறியும் தருகின்றாள். தன் மகள் ஐயையைத் துணையாக நிறுத்துகின்றாள். மனையும் உணவும் துணையும் குறைவறக் கிடைத்தன. இடத்தேர்வில் குற்றமில்லை.

பின்னர்க் கோவலன் கொலையுண்டது எதனால்? ஊழ் என்பது காப்பியத்தின் விடை, அதனை மறுக்கவில்லை. ஊழ் எவ்வாயில் வழியாகப் புகுந்தது என்பதே எம் வினா. சிலம்பொடு கடைவீதியில் நின்ற கோவலனை அறிந்தார் அந்நகரில் எவருமிலர். புகாரில் மாசாத்துவான் மகன் என்ற ஒரு சொல் போதியதாயிருந்தது. மதுரையில் அச்சொல் உரியவர் செவியைச் சென்று சேருமுன் பொற்கொல்லனின் சொல் அரசனின் செவியைச் சேர்ந்துவிட்டது. ஆயர்சேரி மனை தந்தது. மன்னவையில் சான்று தர அதனால் இயலவில்லை. கணவன் கள்வனல்லன் என்பதற்குக் கண்ணகி முதலிற் கேட்பது கதிரவனை. பின்னர் நகரத் தெருவில் நின்று, இவ்வூரில் சான்றோர் உளரோ என்று வினவுகின்றாள். சான்று என்னும் சொல்லும் சான்றோர் என்னும் சொல்லும் ஒருவேரின என்பதனை இலக்கண மாணாக்கரும் அறிவர். அவ்வுறவைக் காப்பியத்தின் நடுவில் வைத்துக் காணும்பொழுதே கண்ணகியின் வினாவிற்கு முழுப்பொருள் கிடைக்கின்றது என்பது எம் கருத்து.

பாலாற்றைக் கடந்த எழுவரும் வையையைக் கடந்த இருவரும் இவ்விடத்தில் ஒருநிலையினர் ஆகின்றனர். எழுவர்க்குச் சொந்த ஊரில் சான்று இல்லாதுபோயிற்று. கோவலனுக்கு வேற்றூரில் இல்லாதுபோயிற்று.

7. இன்றைய பாக்கங்கள்

பாக்கம் என்பது நெய்தல் நிலத்து ஊர்ப்பெயர் என்பது அகப்பொருள் இலக்கணம் பயின்றார் அறிந்தது. அச்சொல் சென்னையின் ஊர்ப்பெயர்களில் இன்றும் வழங்குகின்றது. நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், சேப்பாக்கம் முதலியன உள்நகராக மாறிவிட்டன. பட்டினப்பாக்கம் என்னும் பெயரும் அங்கு உண்டு. அடையாறு கடலொடு கலக்கும் இடத்திற்கு வடக்கே அது உள்ளது. புகாரில் அரசவீதி இருந்த பகுதியின் பெயரைத் தாங்கும் அவ்விடத்தின் கடலோரம் மீனவர் வாழும் பகுதி. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கிய பகுதிகளுள் அதுவும் ஒன்று.

சென்னையின் தென்புறத்தில் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் உள்ளது. நகரின் ஆற்றங்கரைகளிலும் பிற இடங்களிலும் வாழ்ந்த எளிய மக்கள் 2000-ஆம் ஆண்டு முதலாக அங்குக் குடியமர்த்தப்பட்டனர். ஆழிப்பேரலையால் மனை இழந்தவர் பலர் செம்மஞ்சேரிக்கும், 2015-ஆம் ஆண்டு வெள்ளத்திற்குப் பின் ஆற்றங்கரையில் வாழ்ந்தோர் பலர் பெரும்பாக்கத்திற்கும் சென்றனர். ஆயர்சேரியில் அடைக்கலமாக வைக்கப்பெற்றவளின் பெயரை நகர்ப்புறத்துக் குடியமர்வு ஒன்று தாங்கி நிற்கின்றது. பெயரிட்டோர் இதனை எண்ணினரோ இலரோ, காப்பியம் பயின்றார் எண்ணாதிருத்தல் இயலாது.

மலையினின்று இறங்கும் இளைஞர் இந்நகரில் இடந்தேடும்பொழுது அவர்முன் நிற்பன காற்றும் நீரும் வாடகையும் மட்டுமல்ல. எந்த ஊர், என்ன தொழில், என்ன உணவு, யாரைத் தெரியும் என்னும் வினாக்கள் மனைதோறும் கேட்கப்படுகின்றன. முன்பணம் கொடுக்க இயலாமையினும், யாரைத் தெரியும் என்ற வினாவிற்கு ஒரு பெயரைச் சொல்ல இயலாமை பலரைத் தொலைவிற்கு அனுப்புகின்றது. நன்னனின் பெயரைச் சொல்லி மனை புகுந்த கூத்தரின் நாட்டிலிருந்தே இவர்கள் வருகின்றனர் என்பது எண்ணத்தக்கது.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. ஆற்றுப்படை நூல்கள் வாழிடத்தை ஏற்பவரைக் கொண்டு மதிப்பிட்டன. பட்டினப்பாலை புலம்பெயர்ந்தோர்க்குச் சுற்றத்தாரின் இடத்தை அளித்தது. அவ்விடம் விழாவிற்கு வந்தாரின் இடமாகவே இருந்தது. சிலப்பதிகாரம் அவரை நீர்க்கரைக்கு நகர்த்திற்று. ஆயின் அதே காப்பியம், சான்றில்லாத ஒருவனுக்குப் புதிய நகரில் நேர்வது யாது என்பதனைத் தன் கதையின் நடுவில் வைத்துக் காட்டிற்று. மருவூர்ப்பாக்கத்தின் வருணனையை அக்கொலையோடு சேர்த்துப் படித்தல் வேண்டும். தனித்துப் படிப்பின் நகரத்தின் பெருமை மட்டுமே கிடைக்கும்.

அம்மாணவரின் வினாவிற்கு இப்பொழுது யாம் தரும் விடை இது: மருவூர்ப்பாக்கத்தின் நீர்க்கரையில் இடம் கிடைத்திருக்கும், ஆங்கு உமக்காக ஒரு சொல் சொல்வார் உளரா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். அவர் தம் மலையூரினர் மூவர் முன்பே தங்கியிருந்த தெருவில் அறை எடுத்தார் என்று பின்னர் அறிந்தோம். அத்தெரு தொழிலிடத்திற்குத் தொலைவு, காற்றோட்டமும் குறைவாம். எம்மிடம் கேட்காமலே அவர் சரியான விடையைக் கண்டிருந்தார்.

மலைபடுகடாத்துக் கூத்தன் கூறும் அறிவுரை ஒன்றனை இறுதியாகக் குறித்தல் தகும். நடுகற்கள் நிற்கும் நெறிகளைக் கடந்து செல்லும்பொழுது, வழி பிரியும் இடங்களைத் துடைத்துத் தூய்மை செய்து, செல்லும் வழி இது என அறியப் புல்லை முடிந்து வையுங்கள் என்று அவன் சொல்கின்றான்; பின்னே வருவோர் முன்பு அறியாத புதியவர் ஆதலின். அத்தகைய நடுகற்கள் பல இன்றும் அந்நிலத்தில் நிற்கின்றன. 1972-ஆம் ஆண்டு செங்கம் நடுகற்கள் என்னும் பெயரில் அவை தொகுத்து வெளியிடப்பெற்றன. முடிந்து வைத்த புல் எஞ்சியிருக்க வழியில்லை. ஒவ்வொரு தலைமுறையும் அதனைப் புதிதாக முடிதல் வேண்டும். மலையினின்று முன்னே சென்று நகரில் நிலைபெற்றோர்க்கும், அவர்க்கு இந்நூல்களைப் பாடஞ் சொல்லும் நமக்கும் அக்கடமை உண்டு.